பழைய பொன்னில் புதிய மோதிரம்

கிரானிலோ அதனை அடுத்த வாழைச்சேனை, செங்கலடிப் பகுதிகளிலோ திருமண மோதிரம் செய்விக்கும் குடும்பம், தாயின் தேய்ந்த காப்பையோ அறுந்த சங்கிலியையோ பத்தரிடம் கொடுத்து உருக்கச் செய்யுமானால், இயற்கைக்கு மிகக் குறைந்த கேடு விளைவிக்கும் வழியையே அது தேர்ந்தெடுக்கிறது. ஏனெனில் உலகின் சிறு சுரங்கங்கள் பலவற்றில், மண்ணிலுள்ள பொற்றுகளைப் பிரிக்கப் பாதரசம் கலந்து, பின்னர் அதைச் சூடேற்றி ஆவியாக்குகிறார்கள். மனிதச் செயலால் காற்றில் கலக்கும் பாதரசத்தின் மிகப் பெரிய ஊற்று இதுவே. இதனைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் நிறைவேறி, 2017இல் நடைமுறைக்கு வந்தது.

பத்தர் பழைய நகையை உரைகல்லில் உரைத்து மாற்றறிந்து, வெண்காரம் தூவி மூசையில் உருக்குகிறார். 22 கரட் என்பது நூற்றுக்கு ஏறத்தாழ 91.6 பங்கு பொன். பற்றவைப்பில் கட்மியம் சேர்ந்தால், அதன் புகை முதலில் தாக்குவது பத்தரின் நுரையீரலையே; ஆகவே கட்மியமற்ற பற்றாசைக் கேட்டுப் பெறுவது அவருக்குச் செய்யும் நீதியாகும்.

கல் பதிப்பதாயின், வைரங்களுக்கான கிம்பர்லி சான்று, கிளர்ச்சிப் படைகளின் போருக்குப் பணம் தரும் பட்டை தீட்டாத கற்களை மட்டுமே தடுக்கிறது; தொழிலாளர் கூலியையும் ஆற்றின் நிலையையும் அது பேசுவதில்லை. இரத்தினபுரி நீலக்கல் இவ்விடத்தில் மேலானது: அங்கு உரிமம் பெறுவோர், அகழ்ந்த குழியை மூடுவதற்கு ஈடாகத் தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகாரசபையிடம் வைப்புப் பணம் செலுத்த வேண்டும். எனினும் உரிமமற்ற குழிகளும் உள்ளமையால், கல் வந்த வழியை விற்பவரிடம் எழுத்தில் கேட்பது அவசியம்.