மாதவரத்துக்குள் ஒளிந்திருக்கும் வரம்

“எங்கள் அலுவலகத்துக்கு வரும் மெயில்களின் அடியில், ‘வைரஸ் சோதனை செய்யப்பட்டது, ஆபத்து இல்லை’ என்று ஒரு வரி இருக்கிறது. அதை நம்பி இணைப்பைத் திறக்கலாமா?” கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்.

அந்த வரியை நம்பித் திறக்காதீர்கள். அதை யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்யலாம். 2004-இல் ஊரெல்லாம் பரவிய நெட்ஸ்கை புழுவின் சில வகைகள், தாங்கள் அனுப்பிய மெயிலின் அடியில் ‘இணைப்பில் வைரஸ் இல்லை’ என்று தாங்களே எழுதி, பிரபல ஆன்டிவைரஸ் கம்பெனிகளின் பெயரையும் போட்டுக்கொண்டன.

அந்த வரியை விடுங்கள். மெயில் சர்வருக்குள் உண்மையில் நடக்கும் வேலை அழகானது. ‘செயற்கை நுண்ணறிவுக் கவசம்’, ‘100 சதவீதப் பாதுகாப்பு’ என்று கொட்டை எழுத்தில் அச்சடிக்கும் விற்பனைப் பிரசுரங்களில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

மெயில், எழுத்துகளை அனுப்புவதற்காக மட்டும் உருவான ஏற்பாடு. அதில் படமோ எக்செல் கோப்போ போக வேண்டுமென்றால், மூன்று மூன்று பைட்டாக எடுத்து நான்கு நான்கு எழுத்தாக மாற்ற வேண்டும். பேஸ்64 என்பது இந்த முறைக்குப் பெயர். கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். அதே வைரஸ் கோப்புக்குள் ஒரு பைட் தள்ளி உட்கார்ந்திருந்தால் போதும், வரும் எழுத்துக் குவியல் அடையாளமே தெரியாதபடி மாறிவிடும். ஆகவே ஸ்கேனருக்கு முதல் வேலை, பிரிப்பது.

பெண்கள் விடுதியில் வீட்டிலிருந்து வரும் பார்சலை வார்டன் அம்மா பிரித்துப் பார்ப்பாரே, அந்த வேலைதான். அட்டைப்பெட்டிக்குள் முறுக்கு டின், டின்னுக்குள் டப்பா, டப்பாவுக்குள் பொட்டலம். சில டின்களுக்குப் பூட்டு இருக்கும். சாவி கூடவே வந்த கடிதத்தில் இருக்கும். 2004-இல் பேகிள் புழு செய்தது இதுதான். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஜிப் கோப்பை அனுப்பி, கடவுச்சொல்லை மெயிலிலேயே எழுதியது. ஸ்கேனரால் திறக்க முடியவில்லை. படித்த மனிதர்கள் திறந்தார்கள். கடிதத்திலிருந்து கடவுச்சொல்லைப் பொறுக்க ஆன்டிவைரஸ்காரர்கள் கற்றுக்கொண்டதும், பேகிள் அதைப் படமாக அனுப்ப ஆரம்பித்தது.

இன்னொரு வகை, டின்னுக்குள் பதினாறு டின், ஒவ்வொன்றுக்குள்ளும் பதினாறு என்று அடுக்கடுக்காகப் போகும். ‘42.ஜிப்’ என்ற பழைய குறும்புக் கோப்பின் எடை 42 கிலோபைட்தான்; முழுக்க விரித்தால் சுமார் 4.5 பெட்டாபைட். வார்டன் அம்மா கடமை தவறாமல் திறந்துகொண்டே போனால், இரண்டாம் மாடி வரை முறுக்கு நிரம்பி, சமையல்காரர் கூரைமேல் ஏறி நிற்க வேண்டியதுதான். அதனால் ‘இத்தனை டின்னுக்கு மேல் திறக்க மாட்டேன்’ என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். வரம்பு தாண்டினால்? பல அலுவலக சர்வர்களில் ஓடும் இலவச ஸ்கேனரான கிளாம்ஏவியில், வரம்பு தாண்டியதற்கு எச்சரிக்கும் வசதி உண்டு, ஆனால் அது அணைத்தே வருகிறது. நிர்வாகி போய் மாற்றி வைக்காவிட்டால், திறந்தே பார்க்காத டின்னும் ‘சுத்தம்’ கணக்கில் சேர்ந்துவிடும்.

‘சாண்ட்பாக்ஸ்’ என்று கூடுதல் விலைக்கு விற்பது, முறுக்கில் ஒன்றை விடுதிப் பூனைக்குப் போட்டுப் பார்ப்பது. சந்தேகக் கோப்பை ஒரு பொம்மைக் கணினிக்குள் ஓடவிட்டுச் சில நிமிடம் கவனிப்பார்கள். இது தெரிந்த வைரஸ்கள் அந்தச் சில நிமிடமும் தூங்கிவிடுகின்றன. அல்லது மவுஸ் அசைகிறதா, எதிரே ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைக் காட்டுகின்றன. பூனை முறுக்கு தின்னுமா என்று நீங்கள் கேட்பதற்குள் விடுதியை விட்டு வெளியே வந்துவிடுகிறேன்.

வரலாறு இல்லாமல் கட்டுரையா என்று ஆசிரியர் கேட்பார். 1999 மார்ச்சில் மெலிசா: வேர்டு கோப்புக்குள் ஒளிந்த மேக்ரோ, முகவரிப் பட்டியலின் முதல் 50 பேருக்குத் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. 2000 மே மாதம், பிலிப்பைன்ஸிலிருந்து ‘ஐ லவ் யூ’. அதன் இணைப்பு ‘விபிஎஸ்’ என்று முடியும் நிரல். அந்தக் கடைசி மூன்றெழுத்தை விண்டோஸ் மறைத்துவிட்டதால் சாதாரண டெக்ஸ்ட் கோப்பாகத் தெரிந்தது. சர்வரிலேயே ஸ்கேன் செய்யும் மென்பொருள் அதற்கு முன்பே உண்டு. காசு கொடுத்து வாங்கும் மனசு பல அலுவலகங்களுக்கு அடி பட்ட பிறகுதான் வந்தது. வரலாறு போதும்.

பிரித்தாயிற்று, இனி தேட வேண்டும். கையில் நீண்ட பைட் வரிசை, பட்டியலில் பல லட்சம் வைரஸ் அடையாளங்கள். ஒவ்வோர் அடையாளத்துக்கும் கோப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்தால், திங்கட்கிழமை அனுப்பிய மெயில் வியாழக்கிழமைதான் வந்து சேரும்.

இதற்கு விடை வைரஸ் என்ற பேச்சே இல்லாத காலத்தில் கிடைத்தது, அதுவும் நூலகத் தேடலில். பெல் ஆய்வகத்தில் மார்கரெட் கொராசிக், நூற்பட்டியலில் பல சொற்களைச் சேர்த்துத் தேடும் நிரல் ஒன்றை எழுதியிருந்தார். சிக்கலான ஒரு தேடல், கணினிச் செலவுக்கான 600 டாலர் வரம்பையே தாண்டியது. சக ஆய்வாளர் ஆல்ஃபிரட் ஏஹோ ஒரு யோசனை சொன்னார். அதன்படி மாற்றி எழுதியதும் செலவு 25 டாலராக இறங்கியது. அதுவும் நாடாவைப் படிக்கும் செலவுதான். 1975-இல் இருவரும் சேர்ந்து அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

யோசனை இதுதான். தேட வேண்டிய சொற்கள் மூன்று என்று வைத்துக்கொள்வோம்: மாதவன், தவம், வரம். படிக்கக் கிடைத்த எழுத்து வரிசை: மாதவரம். மா, த, வ என்று படிக்கும்வரை ‘மாதவன்’ பாதையில் போகிறோம். அடுத்தது ‘ன்’ வர வேண்டும், வந்தது ‘ர’. சாதாரண நிரல் இங்கே தோற்று, இரண்டாம் எழுத்துக்குத் திரும்பி மறுபடி ஆரம்பிக்கும். ஏஹோ–கொராசிக் முறை பின்னால் திரும்பாது. இதுவரை படித்த ‘மாதவ’வின் வால், வேறு எந்தச் சொல்லின் தலையாவது ஆகுமா? ‘தவ’ ஆகும். ஆக நாம் ‘தவம்’ பாதையில் ஏற்கெனவே இரண்டு எழுத்து நடந்துவிட்டோம். அங்கேயும் ‘ர’ பொருந்தாது. இன்னும் குட்டையான வால்? ‘வ’. அது ‘வரம்’ என்பதன் தலை. ‘ர’ பொருந்துகிறது, ‘ம்’ பொருந்துகிறது, பிடிபட்டது. ஓர் எழுத்தைக்கூட இரண்டாம் முறை படிக்கவில்லை.

எந்த இடத்தில் தோற்றால் எங்கே தாவ வேண்டும் என்ற கணக்கையெல்லாம் சொற்பட்டியலை வைத்து முன்கூட்டியே போட்டுவைத்துவிடலாம். அதன் பிறகு பட்டியலில் மூன்று சொல் இருந்தாலும் மூன்று லட்சம் இருந்தாலும் கோப்பை ஒரே ஒரு தடவை படித்தால் போதும். தோல்வியையே வழியாக்கிய இந்தச் சாமர்த்தியம் இன்றும் கிளாம்ஏவிக்குள் ஓடுகிறது. நினைவகம் தாங்க வேண்டுமே என்பதற்காகப் பாதைகளைச் சில எழுத்து ஆழத்தோடு வெட்டிவிட்டு, மிச்சத்தை நேரடியாக ஒப்பிடுகிறார்கள்.

பட்டியலில் இல்லாததை இது பிடிக்காது. அதற்குத்தான் எங்கள் புது மென்பொருள் என்று விற்பனையாளர் குறுக்கிடுவார். அவரிடம் பிரெட் கோஹன் 1980-களில் சொன்னதைச் சொல்லலாம். எந்த வைரஸையும் தவறாமல் கண்டுபிடிக்கும் நிரல் ஒன்று இருப்பதாகவே இருக்கட்டும். நான் எழுதும் நிரல் அதனிடம் ‘நான் வைரஸா?’ என்று முதலில் கேட்கும். ‘ஆம்’ என்றால் சும்மா இருக்கும். ‘இல்லை’ என்றால் பரவும். எந்தப் பதில் சொன்னாலும் தப்பு. 100 சதவீதம் என்பது அன்றைக்கே முடிந்த கதை.

எப்போது பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். மெயில் அனுப்பும் சர்வர், கடிதம் முடிந்ததற்கு அடையாளமாகத் தனி வரியில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். அந்த இடைவெளியிலேயே ஸ்கேன் செய்து ‘வாங்க மாட்டேன்’ என்று சொல்லிவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது. வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு ‘நீங்கள் வைரஸ் அனுப்பினீர்கள்’ என்று அனுப்புநருக்குப் பதில் எழுதுவதில்தான் வம்பு. 2003 ஆகஸ்டில் சோபிக்.எஃப் புழு, கண்ணில் பட்ட முகவரிகளையெல்லாம் அனுப்புநராகப் போட்டு மெயில் அனுப்பியது. சம்பந்தமே இல்லாதவர்களுக்கு ஆன்டிவைரஸ் மென்பொருள்கள் கண்டன மெயில்களை அனுப்பித் தள்ளின.

உங்கள் அலுவலக ஸ்கேனர் விழித்திருக்கிறதா என்று பார்க்க, ஐகார் சோதனைக் கோப்பு என்று ஒன்று இருக்கிறது. மொத்தம் 68 எழுத்து, எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் அதைப் பார்த்ததும் கூச்சல் போட வேண்டும் என்பது ஆன்டிவைரஸ்காரர்கள் தங்களுக்குள் பேசிவைத்த ஏற்பாடு. வெளி முகவரியிலிருந்து அதை முதலில் அப்படியே அனுப்புங்கள். பிறகு ஜிப்பில், ஜிப்புக்குள் ஜிப்பில், கடைசியாகக் கடவுச்சொல் போட்ட ஜிப்பில். எது வரை நிற்கிறது, எது உள்ளே வருகிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சிஸ்டம் அட்மினிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் எச்.ஆர். பிரிவிலிருந்து கூப்பிட்டு விசாரிப்பார்கள்.