நோன்பு நாட்களில் ஆசிரியர் பயிற்சி

இந்தோனேசியாவில் ஆசிரியரைக் 'குரு' என்றே அழைக்கின்றனர். நோன்புக்கு அங்கு வழங்கும் 'புவாசா' என்னும் சொல், 'உபவாசம்' என்பதன் திரிபேயாகும். பயிற்சி நடத்த அங்குச் செல்லும் நாம், சொற்களை எளிதில் அறிந்துகொள்கிறோம். அவற்றிற்கு இசைய நாளை வகுக்கத்தான் மறந்துவிடுகிறோம்.

பிறை கொண்டு கணிக்கப்படுவதால், ரமலான் ஆண்டுதோறும் 10 அல்லது 11 நாள் முன்னதாக வருகிறது. ஆகவே பழைய நிரலை அப்படியே எடுத்தாளுதல் ஆகாது. ஜாகார்த்தாவில் நோன்பு, வைகறை முதல் அந்தி வரை ஏறக்குறைய 13 மணி நேரம் நீடிக்கும், நீரும் பருகலாகாது. அரசு ஊழியருக்கு வாரத்திற்கு 37½ மணி வேலையென்றும், ரமலானில் 32½ மணியென்றும் 2023-ஆம் ஆண்டின் ஆணை வகுத்துள்ளது.

எனவே, கருத்தூன்றிக் கற்க வேண்டியவற்றைக் காலையிலேயே முடித்தல் நன்று. நாவறளச் செய்யும் உரத்த வாசிப்பையும், நெடுநேரம் நின்று நடத்தும் மாதிரிப் பாடத்தையும் சுருக்கலாம். நண்பகலுக்குப் பின் சிறு குழுக்களாக அமர்ந்து பாடக்குறிப்பு எழுதலாம். தேநீர் இடைவேளை, தொழுகைக்கும் ஓய்வுக்கும் உரியதாகட்டும். அந்திக்கு முன்னரே அனைவரும் இல்லம் சேர வேண்டும்.

நோயாளரும் பயணிகளும் நோன்பைப் பின்னொரு நாளுக்குத் தள்ளிவைக்கலாம் என்பது விதி. ஆதலின், "தாங்கள் நோன்பா?" என்று அவையில் எவரையும் வினவுதல் தகாது. களைத்த ஆசிரியர் வாய்விட்டுக் கூறார், வாளாவிருப்பார். அதனை ஆர்வமின்மை என்று நாம் குறித்துவிட்டால், அவர் பெயருக்கே ஊறு நேரும்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இது புதிதன்று. நம் நாட்காட்டியை அறியாதார் நடுவே, பொங்கலன்றும் பணிக்குச் சென்றவரல்லவோ நாம்!