கடன் கடிதமும் இரத்த அழுத்தமும்



மருத்துவப் பக்கம் என்றால் நீரிழிவு, கொலஸ்ரரோல், முழங்கால் வலி என்று எதிர்பார்ப்பீர்கள். இம்முறை கடனைப் பற்றி எழுதுகிறேன். ஒரு குடும்ப வைத்தியருக்குக் கடனோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நானும் பல வருடங்களாக அப்படித்தான் நினைத்திருந்தேன். என்னிடம் வந்த ஒருவர்தான் அந்த நினைப்பை மாற்றினார். அவரது சம்மதத்துடன், அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

மூன்று முறை வந்தவர்

நாற்பது வயது தாண்டியவர். மனைவி, இரண்டு பிள்ளைகள். பகலில் களஞ்சியசாலையில் வேலை, இரவில் காரில் சாப்பாடு விநியோகம். முதல் தடவை தலையிடி என்று வந்தார். இரத்த அழுத்தம் 168/102. மாத்திரை எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் தடவை நித்திரை இல்லை என்றார். மாத்திரை ஒழுங்காக எடுக்கிறீரா என்று கேட்டேன், ஓம் என்றார். மூன்றாம் தடவை அழுத்தம் இறங்கவே இல்லை. மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்கு எழுதத் தொடங்கினேன். அந்தப் பத்து நிமிடத்துக்குள் அவருடைய கைத்தொலைபேசி நான்கு தடவை அதிர்ந்தது. ஒவ்வொரு தடவையும் அவருடைய முகம் வெளிறியது.

"தம்பி, ஆர் இப்பிடி எடுக்கினம்?"

"ஒண்டுமில்லை டொக்டர்."

"காசுப் பிரச்சினையோ?"

சிறிது நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் சொன்னார்: "மனிசிக்குத் தெரியாது டொக்டர். மூண்டு இடத்திலை எடுத்திட்டன்."

மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருந்ததால் மாத்திரையை ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் எடுத்திருக்கிறார். நான் அளவைக் கூட்டியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. முதல் இரண்டு தடவையும் அவரிடம் பணத்தைப் பற்றிக் கேட்காமல் விட்டது என் தவறு.

அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விடயம். நானும் அகதியாக வந்தவன். 1995 இல் வலிகாமத்தை விட்டு வெளியேறி, பின்னர் இலண்டன் வந்து, பிளாப் பரீட்சை எழுதி வைத்தியராகப் பதிவு பெறும்வரை பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தேன். பயண முகவருக்குக் கொடுப்பதற்காக அம்மா ஈடு வைத்த நகையின் வட்டி ஊரில் ஏறிக்கொண்டிருந்தது. வங்கியில் இருந்து வந்த கடிதங்களை உடைக்காமல் மேசை இழுப்பறைக்குள் போட்டு வைத்த ஆள் நான். அந்த இழுப்பறையைத் திறக்கும்போது நெஞ்சுக்குள் ஏற்படும் இறுக்கம் இன்றும் நினைவில் இருக்கிறது.

300 பவுண் எப்படி வளர்கிறது?

அவருடைய கதை ஒரு காரில் தொடங்கியது. எம்.ஓ.ரி. சோதனையில் கார் தவறிவிட்டது. திருத்த 300 பவுண் வேண்டும். கார் இல்லாவிட்டால் இரவு வேலை இல்லை. பே டே லோன் எனப்படும் சம்பள நாள் கடனுக்குத் தொலைபேசியிலேயே விண்ணப்பித்தார். அரை மணி நேரத்தில் பணம் வந்தது.

பிரித்தானியாவில் இந்தக் கடன்களுக்கு 2015 ஜனவரி 2 முதல் உச்சவரம்பு உண்டு. நிதி நடத்தை ஆணையமான எவ்.சி.ஏ. விதித்தபடி, வட்டியும் கட்டணமும் ஒரு நாளைக்கு 0.8 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. தவணை தவறினால் அறவிடும் கட்டணம் 15 பவுணைத் தாண்டக்கூடாது. எல்லாம் சேர்த்து, எடுத்த தொகையின் இரு மடங்குக்கு மேல் எவரும் திருப்பிக் கட்டத் தேவையில்லை.

வரம்பு இருந்தாலும் சுமை சிறியதல்ல. 300 பவுணுக்கு ஒரு நாளைக்கு 2.40 பவுண். 30 நாளில் 72 பவுண். சம்பள நாளன்று 372 பவுண் ஒரேயடியாகப் போனால் அந்த மாத வாடகைக்குக் காசு போதாது. அப்போது முதற்கடனை அடைக்க இரண்டாவது நிறுவனத்திடம் எடுப்பார்கள். பிறகு மூன்றாவது. ஒரு கடனுக்குத்தான் வரம்பு; எத்தனை கடன் எடுக்கலாம் என்பதற்கு அல்ல. ஒரு காலத்தில் ரிவி விளம்பரங்களில் அடிக்கடி வந்த வொங்கா நிறுவனம் 2018 ஓகஸ்டில் வீழ்ந்தது. ஆனால் தொழில் வேறு பெயர்களில் தொடர்கிறது.

உடம்பு காட்டும் அறிகுறிகள்

எங்கள் ஆட்கள் "மனம் சரியில்லை" என்று வருவது குறைவு. தலையிடி, நெஞ்சிறுக்கம், வயிற்றெரிவு, உடம்பு உளைவு என்றுதான் வருவார்கள். கடன் கவலை நித்திரையைக் கெடுக்கிறது. நித்திரை கெட்டால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுப்பட மறுக்கின்றன. சிலர் குடியைக் கூட்டுகிறார்கள். சிலர் மருந்தைக் குறைக்கிறார்கள். வீட்டில் காரணமில்லாத கோபம் வருகிறது. கவலை முற்றினால் உயிரை மாய்க்கும் எண்ணமும் வரலாம்.

இரண்டு விடயங்களை மறக்க வேண்டாம். நெஞ்சு நோவு வந்தால் கடன் கவலைதான் என்று வீட்டில் இருக்காதீர்கள். 999 ஐ அழையுங்கள். வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே உங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள், அல்லது எந்த நேரமும் சமாரிற்றன்ஸ் அமைப்பை 116 123 என்ற இலக்கத்தில் இலவசமாக அழையுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999.

முதலில் செய்ய வேண்டியவை

1. எல்லாக் கடிதங்களையும் உடைத்து ஒரே தாளில் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, எப்போது கட்ட வேண்டும்.

2. புதிய கடன் எடுத்துப் பழைய கடனை அடைப்பதை அன்றோடு நிறுத்துங்கள்.

3. கடன் நிறுவனம் உங்கள் வங்கி அட்டையில் இருந்து தானாகவே பணம் எடுக்கும் அனுமதியை இரத்துச் செய்யலாம். வங்கிக்குச் சொன்னால் போதும். வங்கி மறுக்க முடியாது. கடன் அதனால் இல்லாமல் போகாது, ஆனால் வாடகைக்காசு பறிபோகாது.

4. முன்னுரிமைக் கடன்களைத் தனியாகப் பிரியுங்கள். வாடகை அல்லது மோட்கேஜ், கவுன்சில் வரி, காஸ், மின்சாரம், நீதிமன்ற அபராதம் ஆகியவை முதலில். பே டே லோன், கிரெடிற் கார்ட் ஆகியவை அதன் பிறகு. அதிகமாகத் தொலைபேசி எடுத்துக் கத்துபவருக்கு முதலில் கட்டுவது பலர் விடும் பிழை.

5. இலவச ஆலோசனை நிலையம் ஒன்றை அழையுங்கள். ஸ்டெப்சேஞ்ச்: 0800 138 1111. நஷனல் டெப்ற்லைன்: 0808 808 4000. உங்கள் பகுதி சிற்றிசன்ஸ் அட்வைஸ் நிலையத்துக்கும் போகலாம். ஆங்கிலம் கடினம் என்றால் நம்பிக்கையான பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அந்தப் பாரம் அவர்களுக்கு வேண்டாம்.

60 நாள் மூச்சு

2021 மே 4 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறீதிங் ஸ்பேஸ் என்ற சட்டப் பாதுகாப்பு உண்டு. கடன் ஆலோசகர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். கிடைத்தால், 60 நாட்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் உங்களைத் தொடர்புகொண்டு பணம் கேட்கக்கூடாது, அந்தக் கடன்களுக்கு வட்டியும் கட்டணமும் ஏற்றக்கூடாது, நடவடிக்கையும் எடுக்கக்கூடாது. அந்நாட்களில் வரும் வாடகையையும் மின்கட்டணத்தையும் நீங்கள் கட்டிவர வேண்டும். இதன் பதிவேடு பொதுமக்கள் பார்க்கக்கூடியது அல்ல. கடும் மனநோய் நெருக்கடிக்குச் சிகிச்சை பெறுபவர்களுக்குத் தனியான ஏற்பாடு உண்டு; அது சிகிச்சை முடிந்து மேலும் 30 நாட்கள் வரை நீடிக்கும்.

எங்கள் நண்பருக்கு இந்த 60 நாள் கிடைத்தது. முதல் வாரத்திலேயே தொலைபேசி அடங்கியது. முதல் முறையாக ஐந்து மணி நேரம் படுத்ததாகச் சொன்னார்.

திருப்பிக் கட்டும் திட்டம்

அந்த அவகாசத்துக்குள் ஆலோசகர் அவருக்கு டி.எம்.பி. எனப்படும் கடன் முகாமைத்துவத் திட்டத்தை ஒழுங்கு செய்தார். அது நடக்கும் விதம் இதுதான். குடும்ப வருமானத்தில் இருந்து வாடகை, வரி, சாப்பாடு, போக்குவரத்து, பிள்ளைகளின் செலவு எல்லாவற்றையும் கழிப்பார்கள். மிஞ்சுவதை மட்டும் மாதம் ஒரு தடவை கட்டுவீர்கள். அதை நிறுவனங்களுக்குக் கடனின் அளவுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுப்பார்கள்.

அவருடைய கணக்கு: மூன்று பே டே கடன்கள் 500, 400, 600 பவுண்; கிரெடிற் கார்ட் 3,000 பவுண். மொத்தம் 4,500. மாதம் மிஞ்சியது 90 பவுண். அது முறையே 10, 8, 12, 60 பவுணாகப் பிரிந்து போகிறது. வட்டி நிறுத்தப்பட்டதால் 50 மாதங்களில் முடியும். வட்டியை நிறுத்தும்படி ஆலோசகர் கேட்பார். நிறுவனங்கள் பெரும்பாலும் இணங்கும், ஆனால் இணங்கியே ஆக வேண்டும் என்ற சட்டம் இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். கடன் வரலாற்றில் தவறிய கடன் ஆறு வருடம் பதிவாக இருக்கும். அக்காலத்தில் புதிய கடன் பெறுவது கடினம். இது சட்டத்தால் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமும் அல்ல. ஆனால் இது பொதுப் பதிவேட்டில் வராது.

மிஞ்சுவது மிகக் குறைவு என்றால் வேறு வழிகள் உண்டு. இங்கிலாந்திலும் வேல்சிலும், மாதம் 75 பவுணுக்கு மேல் மிஞ்சாதவர்கள், சொந்த வீடு இல்லாதவர்கள், 50,000 பவுண் வரையான கடனுக்கு டெப்ற் றிலீவ் ஓடர் கேட்கலாம். 2024 ஏப்ரல் முதல் அதற்குக் கட்டணம் இல்லை. ஐ.வி.ஏ. என்பது சட்டபூர்வ ஒப்பந்தம். வழக்கமாக ஐந்து அல்லது ஆறு வருடம். இவை இரண்டும் பொதுப் பதிவேட்டில் வரும். ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்குச் சட்டபூர்வமான டெப்ற் அரேஞ்மன்ற் ஸ்கீம் இருக்கிறது. எது பொருந்தும் என்பதை இலவச ஆலோசகரிடம் கேளுங்கள். இதே வேலைக்குக் கட்டணம் கேட்கும் நிறுவனங்கள் பக்கம் போகாதீர்கள்.

இன்னொன்று. உங்களால் கட்ட முடியுமா என்று சரியாகப் பாராமல் கடன் தந்திருந்தால் அந்த நிறுவனத்துக்கு முறைப்பாடு எழுதலாம். எட்டு வாரத்தில் திருப்தியான பதில் வராவிட்டால் பினான்சியல் ஒம்பூட்ஸ்மனிடம் இலவசமாக முறையிடலாம். சிலருக்கு வட்டி திரும்பக் கிடைத்திருக்கிறது.

வைத்தியர் என்ன செய்யலாம்?

கடனால் மனநலம் பாதிக்கப்பட்டிருந்தால் ஆலோசகர் ஒரு படிவம் தருவார். அதை வைத்தியர் நிரப்பிக் கொடுத்தால் நிறுவனங்கள் உங்கள் நிலையைக் கவனத்தில் எடுக்க உதவும். இங்கிலாந்தில் 2019 ஒக்ரோபர் முதல் குடும்ப வைத்தியர்கள் இதற்குக் கட்டணம் அறவிடுவதில்லை. மருந்துக் கட்டணம் பாரமாக இருந்தால் பிறிபேமன்ற் சான்றிதழ் எடுக்கலாம், தவணையாகவும் கட்டலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு முழு விலக்கும் கிடைக்கலாம். மாத்திரையைப் பாதியாக்காமல் எங்களிடம் கேளுங்கள்.

சீட்டும் மானமும்

எங்கள் நண்பர் வாடகையைத் தவறவிட்ட மாதங்களிலும் சீட்டுக் காசைத் தவறவிடவில்லை. "சீட்டுக் காசு பிந்தினால் ஊர் முழுக்கக் கதை போயிடும்" என்றார். வாடகை தவறினால் வீடு போகும் என்பது அவருக்கு இரண்டாவதாகத்தான் பட்டது. சீட்டையும் ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சீட்டுப் பிடிப்பவரிடமும் முன்கூட்டியே கதையுங்கள்.

கடைசி வழியென்று எங்கள் ஆட்களிடமே மீற்றர் வட்டிக்கு வாங்குவோரும் உண்டு. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வட்டிக்குக் கொடுப்பது குற்றம்; வாங்கியவர் குற்றவாளி அல்ல. பயமுறுத்தினால் இங்கிலாந்தில் 0300 555 2222 என்ற இலக்கத்தில் 24 மணி நேரமும் சொல்லலாம். சிறு கடன் தேவை என்றால் உங்கள் பகுதிக் கிரெடிற் யூனியனைப் பாருங்கள். அங்கே வட்டி மாதத்துக்கு 3 வீதத்தைத் தாண்டக்கூடாது.

பே டே கடன் கட்டாததற்கு யாரும் சிறைக்குப் போவதில்லை. நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் அந்த நிறுவனம் வீட்டுக்குப் பெய்லிவ் அனுப்பவும் முடியாது.

பதினான்காம் மாதம்

மனைவிக்குச் சொல்வதுதான் அவருக்கு மிகக் கடினமாக இருந்தது. கடைசியில் இருவரும் சேர்ந்தே ஆலோசகரோடு கதைத்தார்கள். "கடனுக்காக நான் அழேல்லை டொக்டர், ஒரு வருசமா இவர் தனிய முழிச்சுக் கிடந்ததை நினைச்சுத்தான் அழுதனான்" என்று அந்தத் தங்கச்சி என்னிடம் சொன்னார். மகளின் சாமத்தியச் சடங்கை மண்டபம் எடுக்காமல் வீட்டில் முப்பது பேரோடு செய்தார்கள். சிலர் கதைத்தார்கள்தான்.

இப்போது பதினான்கு தவணை கட்டியாயிற்று. இன்னும் முப்பத்தாறு இருக்கிறது. மாத்திரையை ஒவ்வொரு நாளும் எடுக்கிறார். போன மாதம் இரத்த அழுத்தம் 134/84.

இப்போது கட்டுப்படாத இரத்த அழுத்தத்தோடு வரும் ஒவ்வொருவரிடமும் உப்பைப் பற்றிக் கேட்கும்போதே பணத்தைப் பற்றியும் கேட்கிறேன். உங்கள் வைத்தியர் கேட்காவிட்டால் நீங்களாகவே சொல்லுங்கள். உடைக்காத கடிதம் ஏதாவது வீட்டில் இருந்தால், இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு இன்றைக்கே அதை உடையுங்கள்.