கோரக்கர் மூலி: மட்டக்களப்பு வாவிப் புறத்துக் கஞ்சாச் செடி பற்றிய சில குறிப்புகள்

சித்த மருத்துவ மரபிலே கோரக்கர் மூலி எனவும் சிவமூலி எனவும் வழங்கப்பெற்ற கஞ்சாச் செடி, இன்று பெரும்பாலும் பொலிசு அறிக்கைகளிலும் நீதிமன்றப் பதிவேடுகளிலும் இடம்பெறும் பொருளாகிவிட்டது. அதனை மருந்தாகக் கையாண்ட பரிகாரிமார் அருகிவர, செடியின் இயல்பை அறிந்தோரும் அருகினர். இந்நிலையில், வெளிநாட்டு வணிகத்தின் வழி வந்த ‘இந்திகா’ என்னும் பெயர் நம்மவரிடையே ஒரு மயக்கத்தைத் தோற்றுவித்துள்ளது. குட்டையாகவும் அகன்ற இலையுடையதாகவும் உறக்கந் தருவதாகவும் உள்ள செடியே இந்திகா என்றும், அதுவே இந்திய, இலங்கை மண்ணுக்குரிய பழைய இனம் என்றும் பலர் கருதுகின்றனர். அக்கருத்துப் பொருந்தாது என்பதையும், மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த உலர்வலயத்தின் இயல்புக்கு ஒத்த செடி யாது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாவரவியலறிஞர் இலின்னேயசு 1753இல் ஐரோப்பிய நார்ச்செடியைக் கருத்திற்கொண்டு ‘கனாபிசு சற்றைவா’ என்னும் பெயரை இட்டார். பிரெஞ்சு அறிஞர் இலமார்க்கு 1785இல் ‘கனாபிசு இந்திகா’ என வேறோர் இனத்தைப் பிரித்துரைத்தார். அவர் ஆராய்ந்த செடி, புதுச்சேரியிலும் தங்கிப் பணிபுரிந்த சொன்னெரா என்பார் இந்தியாவிலிருந்து கொணர்ந்து அளித்ததாகும். ஒடுங்கிய சிற்றிலைகள், வன்மையான தண்டு, நார் உரித்தற்கு உதவாத மெல்லிய பட்டை, கடுமணம், மயக்குந் தன்மை என்பனவே அவர் கண்ட இயல்புகள். ஆக, முதன்முதல் இந்திகா எனப்பட்டது ஒடுங்கிய இலையுடைய செடியே. 1970களில் அமெரிக்கத் தாவரவியலாளர் சுல்ட்டிஸ், ஆப்கானித்தானத்திலே தாம் கண்ட குட்டையான, அகன்ற இலைச் செடிக்கு அப்பெயரை ஏற்றியுரைத்தார். விதை வணிகர் அதனைப் பற்றிக்கொண்டனர். 2020இல் மக்பாட்லண்டு, சுமோல் ஆகியோர் இவ்வகைப்பாட்டை மீளாய்வு செய்து, தெற்காசியாவின் ஒடுங்கிய இலைச் செடியை இந்திகா எனவும் அகன்ற இலைச் செடியை ஆப்கானிக்கா எனவும் வேறாக்கினர். தாய்வீட்டுப் பெயரை அயல்வீட்டுப் பிள்ளை கொண்டுபோன கதையாகவே இது அமைந்துவிட்டது.

இவ்வேறுபாடு பெயரளவில் நின்றுவிடுவதன்று. கஞ்சா, பகற்பொழுது குறுகும்போது பூக்கும் இயல்பினது. மட்டக்களப்போ வட அகலக்கோடு ஏழேமுக்காற் பாகையளவில் உள்ளது. இங்கு ஆண்டின் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. நெடும்பகற்கூட ஏறத்தாழப் பன்னிரண்டரை மணி நேரமே. பதினான்கு மணி நேரத்துக்கு மேலான கோடைப் பகலிலே வளர்ந்து பழகிய ஆப்கானியச் செடியை இங்கு நாட்டினால், அது வளர்ச்சி முற்றுமுன்னரே, முழ அளவிற் பூத்து முடிந்துவிடும். வெப்பவலயத்துப் பழஞ்செடி அவ்வாறன்று. அது ஆறடி முதற் பத்தடிக்கு மேலும் உயர்ந்து, கிளைத்து, மூன்று நான்கு மாதங்கள் வரை ஆறுதலாகப் பூக்கும். ஆப்கானியச் செடியோ இரண்டு மாத அளவிற் பூத்து முதிர்வது.

ஈரப்பதனும் இங்கு எண்ணத்தக்கது. ஐப்பசி தொடக்கம் தை வரை வடகீழ்ப் பருவமழை பெய்யும் இப்பிரதேசத்திலே, இறுகித் திரண்ட பூந்துணர் விரைவிற் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகக்கூடிய நெகிழ்ந்த பூந்துணரும் ஒடுங்கிய இலையுமே இம்மழைக்கு ஈடுகொடுக்கும். படுவான்கரைக்கு அப்பாலுள்ள காட்டுச் சேனைகளிலே குரக்கன், சோளம், எள்ளு முதலியவற்றைத் தெரிந்தெடுத்தது போலவே, இச்செடியின் இயல்பையும் மழையும் வெயிலும் பகற்பொழுதுமே வரையறுத்தன எனலாம்.

கஞ்சா ஈரில்லத் தாவரம். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தத்தைக் காற்றே கொண்டுசெல்லும். மயக்கந்தரும் பிசின் பெண் பூந்துணரின் சுரப்பி மயிர்களிலே மிகுதியாக ஊறும். கருக்கட்டி விதை முதிர்ந்தால் அவ்வூற்றுக் குறையும். வங்காளத்து நௌகாவில் ஆண் செடிகளை இனங்கண்டு களைவதற்கெனவே கைதேர்ந்தோரை உழவர் கூலிக்கு அமர்த்தினர் என்பதை, 1893–94இல் விசாரணை நடத்திய இந்திய கஞ்சா ஆணைக்குழுவின் அறிக்கையால் அறிகிறோம். இரசாயனம் தோன்றுமுன்னரே உழவர் கண்ட அறிவு இது.

இலங்கையிற் கஞ்சா பயன்பட்டமைக்கு ஐரோப்பியர் தரும் சிறந்த சான்று, கிழக்குக் கரையோடு தொடர்புடைய றொபேட் நொக்சு என்பவரிடமிருந்தே கிடைக்கிறது. மட்டக்களப்புக்கு வடக்கேயுள்ள கொட்டியாரக் குடாவில் 1660இற் கண்டியரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்ட இவர், பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்து 1679இல் தப்பினார். 1681இல் வெளியான தம் நூலிலே, வறண்ட வடபுலத்திற் குட்டை நீரைக் குடித்துக் காய்ச்சலால் வருந்தியதையும், உலர்ந்த கஞ்சா இலையை இடித்துப் பனங்கட்டி போன்ற நாட்டுச் சர்க்கரையோடு காலை மாலை வெறுவயிற்றில் உண்டபின் நோய் அணுகாமையையும் குறிப்பிடுகிறார். தலை சுற்றியதே தவிர வேறு தீங்கில்லை என்பது அவர் கூற்று. அக்காய்ச்சல் மலேரியாவாயின் இலை அதனைத் தீர்த்திராது. குமட்டலை அடக்கிப் பசியை உண்டாக்கியதே அவருக்குப் பெரும் ஆறுதலாயிருந்திருக்கும்.

நொக்சு இலண்டனிலே இவ்விலையையும் விதையையும் தம் நண்பரான விஞ்ஞானி றொபேட் ஹூக்கிடம் அளித்தார். ஹூக் 1689 டிசம்பர் 18ஆந் திகதி வேத்தியற் கழகத்தில் இதுபற்றி உரையாற்றினார். உண்டவன் நினைவிழந்து, சிரித்து, பாடி, பின் ஆழ்ந்துறங்கி, பெரும்பசியோடு விழித்தெழுவான் என்று அவர் விளக்கியது இன்றைய மருத்துவ நூல்களின் விவரணத்துக்கு மிக அணித்தானது. ஆங்கில விஞ்ஞானக் கழகமொன்றிலே கஞ்சா ஆராயப்பட்ட அத்தொடக்கத்துக்கு நொக்சு அளித்த இலையும் விதையும் காரணமாயின. சித்தப்பிரமைக்கு இது மருந்தாகலாம் என ஹூக் எண்ணியது மட்டும் பிழைத்தது. இளவயதில் மிகுதியாகப் பயன்படுத்துவோருக்கு உளப்பிறழ்வு நேரும் ஆபத்துக் கூடுகிறது என்பதே இன்று அறியப்பட்ட உண்மை. நினைவாற்றற் குறைவும் நாடித்துடிப்பு மிகுதியும் நாவறட்சியும் இதனோடு வருவன.

நம் வைத்தியர் இலையை அப்படியே கொடுத்தாரல்லர். பச்சை நிறம் நீங்குமட்டும் பலமுறை நீரிற் கழுவி, உலர்த்தி, நெய்யில் வறுத்துச் சுத்தி செய்தபின்னரே மதனகாமேசுவர லேகியம் முதலியவற்றிற் சேர்த்தனர். இச்சுத்தியின் உட்பொருளை இரசாயனம் விளக்குகிறது. 1964இல் இசுரவேலிய அறிஞர் மெக்கூலம், காவோனி ஆகியோர் பிரித்தெடுத்த தெற்றாஐதரோகனபினோல் என்னும் மயக்குபொருள் நீரிற் கரையாது, கொழுப்பிற் கரையும். பச்சிலையிலே அது அமில வடிவில் அடங்கியிருக்கும். வெப்பம் பட்டுக் காபனீரொட்சைட்டை இழந்த பின்னரே மயக்குந் தன்மை பெறும். எனவே கழுவுதல் வீரியத்தைப் போக்காது. வறுத்தல் அதனை எழுப்பும். நெய் அதனை ஏந்தும். சுத்தி என்பதை நஞ்சகற்றலாக மட்டும் கொள்வோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். அளவறிந்து கொடுக்கும் பொறுப்பு வைத்தியரையே சார்ந்திருந்தது. மூளையிலே இப்பொருள் பற்றும் ஏற்பிகளை உடலே சுரக்கும் ஒன்றும் இயக்குகிறது என 1992இற் கண்டறிந்தபோது, அதற்கு ஆனந்தம் என்னும் வடசொல்லை அடியாகக் கொண்டு ‘ஆனந்தமைடு’ எனப் பெயரிட்டனர்.

1925ஆம் ஆண்டு செனீவா உடன்படிக்கை கஞ்சாவையும் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. இலங்கையிலே 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் பயிரிடலையும் வைத்திருத்தலையும் குற்றமாக்கியது. சுதேச மருத்துவர் மருந்துக்கென அனுமதியோடு பெறுதற்கு 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் இடமளித்தது. ஆயினும் அவர்களுக்குக் கிட்டியது வழக்குப் பொருளாக நீதிமன்றங்களிற் கிடந்த சரக்கே. நாலைந்து ஆண்டுகள் பழகிய அச்சரக்கு வீரியமிழந்தது என 2017இற் சுகாதார அமைச்சரே ஒப்புக்கொண்டு, இங்கிரியாவிற் பயிரிடும் யோசனையை முன்வைத்தார். காற்றும் ஒளியும் பட்ட மயக்குபொருள் கனபினோலாகச் சிதைந்து தன் ஆற்றலை இழக்கும். அத்தகைய சரக்கிற் செய்த லேகியத்தைக் கொண்டு பழைய மருத்துவத்தின் தகுதியை மதிப்பிடுதல் முறையன்று.

1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்துக் காடுகளிலும், அயலிலுள்ள மொனராகலையிலும் சட்டவிரோதச் செய்கைகள் அடிக்கடி கண்டுபிடிக்கப்பட்டுத் தீக்கிரையாக்கப்படுகின்றன. வடகரைக்குக் கடல்வழி வரும் கேரளக் கஞ்சாவின் விதையும் உள்நாட்டுச் செடியோடு கலத்தல் கூடும். சட்டத்தை நெகிழ்த்துமாறு இங்குக் கோரவில்லை. எரிக்குமுன் செடியின் உயரம், சிற்றிலையின் அகலம், பூந்துணரின் அமைப்பு என்பவற்றைக் குறித்து, சிறிதளவு விதையை நீதிமன்ற அனுமதியுடன் கன்னொறுவைத் தாவர மரபணு வளங்கள் நிலையத்துக்கு அனுப்புதல் இயலுமானதொன்று. பரிகாரிமார் வீடுகளில் எஞ்சியுள்ள ஏடுகளிலே சுத்தி முறையும் அளவும் குறிக்கப்பட்டுள்ள பகுதிகளைப் படியெடுப்பதை நம் மாணவர் விடுமுறைக் காலத்திலேயே தொடங்கலாம்.