பிரான்ஸின் ஒயின் நிலங்கள் – 7: ஒரே மதில், பல மண்

பிரெஞ்சு ஒயின் புட்டிகள் பலவற்றில் திராட்சையின் பெயர் இராது. அது விளைந்த இடத்தின் பெயரே இருக்கும். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்ற ‘அப்பெல்லாசியோன்’ என்னும் விளைவிடப் பெயர் முறை, எந்த எல்லைக்குள் எந்தத் திராட்சையைப் பயிரிடலாம், ஒரு ஹெக்டேரில் எவ்வளவு விளைவிக்கலாம் என்பனவற்றை வரையறுத்துவிட்டதால், இடத்தைச் சொன்னாலே திராட்சை இன்னதென்று விளங்கிவிடுகிறது. ஜெர்மானிய எல்லையை ஒட்டிய அல்சாஸ் மட்டுமே இதற்குப் பெரிய விலக்கு.

சென்ற இதழில் கண்ட போர்தோவில் கபெர்னே சொவிஞ்ஞோன், மெர்லோ முதலிய வகைகளைக் கலந்தே ஒயின் செய்கின்றனர். அங்கே தரம் ‘ஷாத்தோ’ எனப்படும் பண்ணையின் பெயரில் நிற்கிறது. பர்கண்டியிலோ சிவப்பு ஒயினுக்குப் பெரும்பாலும் பினோ நுவார், வெள்ளை ஒயினுக்கு ஷார்டொனே என ஒவ்வொரு வகையே தனித்துப் பயன்படுகிறது. மிகுதியாகக் காய்க்கும் காமே வகையைப் பிடுங்கி எறியுமாறு பர்கண்டிக் கோமகன் பிலிப் 1395இலேயே ஆணையிட்டான். இன்று அது தெற்கே பொஷொலேயின் கருங்கல் மண்ணில் செழிக்கிறது. திராட்சை மாறாதபோது சுவை வேறுபடுவதற்குக் காரணம் மண்ணும் சரிவும் என்று கருதிய பர்கண்டியர், தனிப்பெயர் கொண்ட ஒவ்வொரு துண்டு நிலத்தையும் ‘கிளிமா’ என்றனர். தட்பவெப்பத்தைக் குறிக்கும் சொல் இங்கு வயலின் பெயராயிற்று. இக்கிளிமாக்கள் 2015இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

இக்கொள்கையின் வலிமையையும் வரம்பையும் ஒருசேரக் காட்டுவது டிஜோனுக்குத் தெற்கேயுள்ள கிளோ த வூழோ. ‘கிளோ’ என்றால் மதில் சூழ்ந்த தோட்டம். சித்தோ மடத்துத் துறவிகள் 12ஆம் நூற்றாண்டு முதல் நிலம் சேர்த்து, பின்னர் மதிலெழுப்பி வளைத்த இத்தோட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 50 ஹெக்டேர், அதாவது 125 ஏக்கர். சரிவின் மேற்பகுதியில் சுண்ணாம்புப் பாறைமேல் மெல்லிய மண் படிந்திருப்பதால் மழைநீர் விரைவில் வடிந்துவிடும். கீழே சாலையோரத்தில் ஆழமான களிமண் நீரைத் தேக்கிவைப்பதால், மழை மிகுந்த ஆண்டுகளில் பழத்தின் செறிவு குறையும்.

முழுத்தோட்டமும் மடத்தின் உடைமையாக இருந்தவரை மேல் விளைச்சலையும் கீழ் விளைச்சலையும் கலந்து சமன்செய்ய இயன்றது. புரட்சி அரசு அதனைப் பறித்து விற்ற பின்னும் ஒரே கையில் நிலைத்த தோட்டம், 1889இல் பங்கு பிரிந்தது. வாரிசுகளுக்குச் சமபங்கு அளிக்கும் பிரெஞ்சுச் சட்டம் அதனை மேலும் துண்டாக்கியது. இன்று உடைமையாளர் ஏறத்தாழ 80 பேர். எனினும் 1937இல் ‘கிராண் குரு’ என்னும் உச்சத் தகுதி வழங்கப்பட்டபோது மதிலே எல்லையாகக் கொள்ளப்பட்டதால், பாறைமேட்டு ஒயினும் களிமண் ஒயினும் ஒரே பெயரில் விற்பனைக்கு வருகின்றன.

மண்ணின் பெயரால் ஒயினை அறிவது பர்கண்டியின் மரபாயினும், இங்கே அப்பெயர் குறிப்பது துறவிகள் எழுப்பிய மதிலையே. ஆகவே விவரம் அறிந்தவர் இப்புட்டியில் தோட்டத்தின் பெயருக்குக் கீழே பயிரிட்டவரின் பெயரையும் தேடிப் படிக்கின்றனர்.

(தொடரும்)