கிராணியின் செக்ரோல் இன்று கணினிக்குள்: மென்பொருள் நிர்வாகி என்ன செய்கிறார்?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் செக்ரோல் நினைவிருக்கும். காலைப் பெரட்டுக்கு வந்தவர் யார், யார் எத்தனை நாள் வேலை செய்தார் என்று கிராணி அதில் குறித்து வைப்பார். ஓரிடத்தில் அவர் பேனா தவறினால், மாதக் கடைசியில் ஒரு குடும்பத்தின் சம்பளம் குறையும்.

இன்று அந்தப் புத்தகம் கணினிக்குள் போய்விட்டது. சம்பளம், சரக்கு இருப்பு, விற்பனை, வரி எல்லாவற்றையும் எஸ்ஏபி, எஸ்கியூஎல் அக்கவுண்ட், ஆட்டோகவுண்ட் போன்ற மென்பொருள்கள் பார்த்துக் கொள்கின்றன. ஒரு நிறுவனத்தில் இருந்து அதைப் பராமரிப்பவர் நிர்வாகி. பல நிறுவனங்களுக்குச் சென்று அமைத்துக் கொடுப்பவர் ஆலோசகர். பெரும்பாலும் இவர்கள் நிரல் எழுதுவதில்லை. விகிதங்களைச் சரியாகப் பதிவது, யார் எதைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம் என்று அனுமதி கொடுப்பது ஆகியவையே இவர்களின் முக்கிய வேலை.

சட்டம் மாறும்போது இவர்களுக்குத் தூக்கம் போய்விடும். ஜிஎஸ்டி 2015 ஏப்ரல் 1-இல் 6 விழுக்காடாக வந்தது. 2018 ஜூன் 1-இல் சுழியமானது. அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் எஸ்எஸ்டி திரும்பியது. ஒவ்வொரு முறையும் வரிக் குறியீடுகளை மாற்ற வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்டு முதல் கட்டங்கட்டமாக மின் விலைப்பட்டியல் முறை நடப்புக்கு வந்தது. வருமான வரி வாரியம் ஏற்றுக்கொண்ட பட்டியலை 72 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும்.

ஒரு சிறு பிழை என்ன செய்யும்? 60 வயதுக்குட்பட்ட மலேசியத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் 2,000 வெள்ளி என்று வைத்துக் கொள்வோம். முதலாளி செலுத்த வேண்டிய இபிஎஃப் 13 விழுக்காடு, அதாவது 260 வெள்ளி. 5,000 வெள்ளிக்கு மேல் வாங்குவோருக்கான 12 விழுக்காட்டைத் தவறுதலாக இவருக்கும் பதிந்துவிட்டால் மாதம் 20 வெள்ளி, ஆண்டுக்கு 240 வெள்ளி குறையும். 50 பேர் என்றால் 12,000 வெள்ளி. கைக்கு வரும் சம்பளம் மாறாததால் யாருக்கும் சந்தேகம் வராது.

அனுபவசாலிகள் கைக்கொள்ளும் பாடங்கள் எளியவை. புதிய முறையைப் பழைய முறையோடு ஓரிரு மாதம் சேர்த்து ஓட்டி ஒப்பிட வேண்டும். வங்கிக் கணக்கு எண்ணைப் பதிபவரே சம்பளத்துக்கு ஒப்புதல் தரக் கூடாது. வேலையை விட்டுச் சென்றவரின் அனுமதியை அன்றே நீக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், கணினியைத் தொடுவதற்கு முன் ஸ்டோரில் வேலை செய்பவரிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவருக்குத் தெரிந்தது எந்தக் கையேட்டிலும் இருக்காது.

எஸ்பிஎம்முக்குப் பின் கணக்கியல் படித்த நம் பிள்ளைகள் இத்துறையை எண்ணிப் பார்க்கலாம். கணக்கறிவும் பொறுமையும் இருந்தால் மென்பொருளைப் பழகிக் கொள்ளலாம்.

வேலை செய்யும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: மாதந்தோறும் சம்பளச் சீட்டை இபிஎஃப் ஐ-அக்கவுனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அன்று கிராணியிடம் கேட்கத் தயங்கினோம். இன்று தயங்க வேண்டியதில்லை.