ஷட்டர் பட்டன் ஏன் மசியமாட்டேன் என்கிறது?

பழைய டிஜிட்டல் கேமரா. பாதி அழுத்தினால் ஃபோகஸ் ஆகிறது. முழுக்க அழுத்தினால் படம் விழவில்லை. ஏன்? அந்த ஒரு பட்டனுக்கு அடியில் இருப்பவை இரண்டு சுவிட்சுகள். முதலாவது ஃபோகஸுக்கு, அடுத்தது படமெடுக்க. வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் அவற்றின் மெல்லிய உலோகத் தகடுகளில் ஆக்சைடும் அழுக்கும் படியும். அங்கே ஓடுவது சில வோல்ட் மின்சாரம்தான். அந்தப் படலத்தைத் தாண்ட அதற்குத் தெம்பில்லை.

பேட்டரியைக் கழற்றுங்கள். பட்டனின் ஓரத்தில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் ஒரே ஒரு சொட்டு. பிறகு பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தி அழுத்தி விடுங்கள். உரசலில் படலம் விலகும். நன்றாகக் காயவிடுங்கள். எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம், தூசிக்கு அழைப்பு வைத்த மாதிரி. அப்படியும் சரியாகவில்லையா? ஸ்க்ரூடிரைவரைத் தொடாதீர்கள். பேட்டரியைக் கழற்றிய பின்னும் ஃப்ளாஷ் கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கலாம். பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.